பேண்ட் ஒன் வக்கீல்களும் தம்புச் செட்டித் தெருவும்

லிங்க்ட்இன் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், வருடத்தில் சில வாரங்கள் வக்கீல்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பணிவாகிவிடுவார்கள். "இந்த அங்கீகாரத்தைத் தாழ்மையோடு ஏற்றுக்கொள்கிறோம், எங்கள் கட்சிக்காரர்களுக்கும் சக வழக்கறிஞர்களுக்கும் நன்றி" என்று ஒரு பதிவு. கூடவே, வக்கீல்களுக்குத் தரவரிசை போடும் பட்டியல்களில் ஒன்று கொடுத்த நீலத்திலோ சிவப்பிலோ ஒரு முத்திரை, அதில் வருடம், 'பேண்ட் 1' அல்லது 'டயர் 2' என்று படிநிலை (ஒன்றுதான் மேலே), கீழே கறுப்புக் கோட்டோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நாலைந்து பார்ட்னர்கள். அதற்குக் கீழே இருநூறு பேர் வாழ்த்துச் சொல்லியிருப்பார்கள். அதில் பாதிப் பேர் அதே ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கிண்டலும் உண்டு. நான் முதலில் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராகக் கேஸ் கட்டு தூக்கியவன், அப்புறம் ஒரகடம் பக்கம் ஒரு தயாரிப்பு கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு வந்துவிட்டேன். அதனால் இந்தப் பட்டியல்களை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க முடிகிறது. கோர்ட்டில் இருந்தபோது யாரை யார் மதிக்கிறார்கள் என்பது வராண்டாவிலேயே தெரியும். இப்போது அதே விஷயம் லண்டனிலிருந்து ஒரு மின்னஞ்சலாக என் பெட்டிக்கு வருகிறது. 'இந்த வழக்கறிஞர் நிறுவனத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன?'

என் எண்ணம் இதுதான். கட்சிக்காரர் தரும் பாராட்டை ஒரு நிறுவனம் ஓரளவுக்கு ஏற்பாடு செய்துகொள்ள முடியும். சக வக்கீல்களின் மதிப்பை, அதிலும் எதிர்த்தரப்பில் நின்ற வக்கீலின் மதிப்பை, ஏற்பாடு செய்யவே முடியாது. இந்தப் பட்டியல்கள் இரண்டையும் ஒரே முத்திரைக்குள் போட்டுவிடுகின்றன.

இது எப்படி ஆரம்பித்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் மார்ட்டின்டேல் என்பவர் 1868இல் ஒரு வக்கீல் முகவரிப் புத்தகம் போட்டார். உள்நாட்டுப் போர் முடிந்து வியாபாரம் ஊர்விட்டு ஊர், மாநிலம்விட்டு மாநிலம் போன காலம். நியூயார்க்கில் துணி மொத்த வியாபாரம் செய்பவருக்கு, எங்கோ மேற்கே ஒரு சின்ன ஊரில் பாக்கி நிற்கிறது. அங்கே யாரையும் தெரியாது. எந்த வக்கீலிடம் கொடுத்தால் பணத்தை வசூலித்துத் தானே அமுக்கிக்கொள்ளாமல் அனுப்பி வைப்பார்? ஒவ்வொரு ஊரிலும் நம்பக்கூடிய ஒரு வக்கீல், ஒரு பேங்க் என்று சொல்வதுதான் அந்தப் புத்தகத்தின் வேலை. 1896இல் மதிப்பெண் கொடுக்க ஆரம்பித்தார்கள். திறமைக்கு ஓர் எழுத்து, நாணயத்துக்கு ஓர் எழுத்து, அந்தக் காலத்தில் வக்கீலின் சொத்து மதிப்புக்கும் ஒரு குறியீடு உண்டு. சொத்து இருந்தால்தான் கட்சிக்காரர் பணத்தில் கை வைக்க மாட்டார் என்ற கணக்கோ என்னவோ. 1930இல் அது ஹப்பெல் என்ற இன்னொரு புத்தகத்தோடு சேர்ந்து மார்ட்டின்டேல்-ஹப்பெல் ஆனது. 'ஏவி ரேட்டிங்' என்று அமெரிக்க வக்கீல்கள் இன்றும் போட்டுக்கொள்வது அதிலிருந்து வந்ததுதான். அதில் 'ஏ' திறமைக்கு, 'வி' நேர்மைக்கு.

முகம் தெரியாதவருக்கு ஒரு நம்பகமான பெயரைச் சொல்வதுதான் அதன் மூல நோக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

பிறகு வந்தவற்றில் எனக்குப் பிடித்தது பெஸ்ட் லாயர்ஸ். ஹார்வர்டில் சட்டம் படித்த ஸ்டீவன் நைஃபே, கிரிகரி வைட் ஸ்மித் என்ற இரண்டு பேர் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. வக்கீல் தொழிலில் பெரிதாக இறங்காமல், வக்கீல்களைப் பட்டியல் போட்டே பிழைத்துக்கொண்டு, பிறகு ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1991இல் புலிட்சர் பரிசே வாங்கிவிட்டார்கள். இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். அதை விடுங்கள். அவர்கள் வக்கீல்களிடம் கேட்ட கேள்விதான் முக்கியம். உங்களால் ஒரு கேஸை எடுக்க முடியாமல் போனால், அதை இவரிடம் அனுப்புவீர்களா? இதைவிட நல்ல கேள்வி இந்தத் துறையில் கிடையாது. 'இவர் திறமைசாலியா' என்று கேட்டால் எந்த வக்கீலும் மழுப்பலாக ஒரு பதில் சொல்லிவிடுவார். 'உன் மச்சான் கேஸை இவரிடம் கொடுப்பாயா' என்றால் உண்மை வந்துதான் ஆகவேண்டும்.

லண்டனில் லீகல் 500 என்ற தரவரிசைக் கையேடு வந்தது 1987இல். சேம்பர்ஸ் என்ற இன்னொன்று அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து. இன்றைக்கு இந்தியாவில் வக்கீல் நிறுவனங்கள் மாரடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டுக்காகத்தான். முறை ஏறத்தாழ ஒன்றுதான். நிறுவனம் ஒவ்வொரு சட்டப் பிரிவுக்கும் தனித்தனியாக 'சப்மிஷன்' அனுப்ப வேண்டும். சேம்பர்ஸ் படிவம் என்றால் அந்த வருடம் செய்த வேலைகளில் 20 வரை, வெளியில் சொல்லக்கூடியவை தனி, ரகசியமாக வைக்க வேண்டியவை தனி. கூடவே கட்சிக்காரர்கள் 20 பேர் வரை பெயரும் மின்னஞ்சலும். இவர்களை 'ரெஃபரி' என்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்த ரெஃபரிகளைத் தொடர்புகொள்வார்கள், போட்டி நிறுவனங்களின் வக்கீல்களிடமும் பேசுவார்கள். பட்டியலில் இடம்பெறக் காசு இல்லை. இடம்பிடித்த பிறகு விரிவான சுயவிவரப் பக்கம் வேண்டுமென்றால், முத்திரையைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அங்கேதான் வியாபாரம்.

அந்தச் சப்மிஷனை யார் எழுதுகிறார்கள் என்கிறீர்கள்? பார்ட்னர் எழுதுவதில்லை. இரண்டு மூன்று வருட அனுபவமுள்ள ஜூனியர்கள், பகலில் கவுண்டர் அஃபிடவிட் டிராஃப்ட் பண்ணிவிட்டு இரவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். பெரிய ஆபீஸ்களில் இதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள், அவர்களும் கடைசியில் ஜூனியரிடம்தான் வந்து, "இந்த ஆர்பிட்ரேஷனில் மொத்தத் தொகை என்ன, எந்தப் பாயிண்ட் புதுசு" என்று கேட்க வேண்டும். (ஆர்பிட்ரேஷன் என்றால் கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் முன் நடக்கும் வழக்கு.) எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு வாரம் முழுக்க இதைத்தான் செய்தாள். அவள்தான் ஆவணங்களைத் தொகுத்து டைப்செட் தயாரித்தாள், அவள்தான் சாட்சிகளைத் தயார் செய்தாள், அவள்தான் அந்த வேலையை "எங்கள் பார்ட்னர் தலைமையில்" என்று எழுதியும் கொடுத்தாள். முத்திரை வந்தபோது படத்தில் அவள் இல்லை. வாழ்த்துச் சொன்ன இருநூறு பேரில் ஒருத்தியாக இருந்தாள்.

இனி ரெஃபரி பக்கம். எங்களுக்கு வேலை செய்யும் ஆபீஸ்களிலிருந்து முதலில் ஒரு போன் வரும். "சார், உங்க பேரு கொடுத்திருக்கோம், ஒரு மெயில் வரும், கொஞ்சம் பதில் போட்டுருங்க." குரலிலேயே ஒரு கெஞ்சல் இருக்கும், நமக்கே பாவமாகிவிடும். காரணம் எளிது. ரெஃபரி பதில் போடாவிட்டால் அவர்கள் எழுதிய சப்மிஷன் வெறும் சுயபுராணமாக நின்றுவிடும். அதனால் நிறுவனம் யாரைக் கொடுக்கும்? ஜெயித்த கேஸ்காரரை, பில்லுக்குப் பேரம் பேசாதவரை, பார்ட்னரோடு ஒன்றாகப் படித்தவரை. தோற்ற கேஸின் கட்சிக்காரரையோ, ஃபீஸ் விஷயத்தில் மனஸ்தாபப்பட்டு வெளியே போனவரையோ எந்த ஆபீஸும் தராது. அப்புறம் பட்டியலில் மேற்கோள்களைப் பார்த்தால் எல்லா நிறுவனமும் "வேகமாகப் பதில் தருகிறார்கள், வியாபாரம் புரிந்தவர்கள்" என்றுதான் இருக்கும். இருக்காமல் எப்படி இருக்கும்?

ஆனாலும் அது மொத்தமும் வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். பிஸியான ஒரு கம்பெனி அதிகாரி, தனக்கு ஒரு லாபமும் இல்லாமல், ஒரு வக்கீலுக்காகக் கால் மணி நேரம் ஒதுக்கிப் பதில் எழுதுகிறார் என்றால் அதிலேயே ஏதோ இருக்கிறது. மனசு இல்லாவிட்டால் அந்த மெயில் அப்படியே புதைந்து போகும். நானே சில ஆபீஸ்களுக்குப் பதில் போட்டதில்லை. அவர்களுக்கும் ஏன் என்று தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் அதைப் பேசுவதில்லை.

பதில் போடும்போது நான் எழுதுவது வழக்கமாக மூன்று விஷயம். முதலாவது, 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவரா. எங்கள் கம்பெனியில் ஒரு சப்ளையர் மேல் எல்லாருக்கும் கோபம், உடனே கேஸ் போட வேண்டும் என்று மேலிடத்தில் கொதிக்கிறார்கள். அந்த மீட்டிங்கில், "சார், காண்ட்ராக்டில் நோட்டீஸ் கொடுக்கும் ஷரத்தை நீங்களே பின்பற்றவில்லை, இப்போது போட்டால் நாம்தான் மாட்டுவோம்" என்று சொல்லத் தைரியம் வேண்டும். சொன்னால் அந்த ஃபீஸ் போச்சு. இரண்டாவது, சீனியரைக் காட்டி வேலையை வாங்கி ஜூனியரைக் கொண்டு முடிக்கிறவர்களா என்பது. ஜூனியர் செய்வதில் தப்பில்லை, நல்ல ஜூனியர் செய்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் பில்லில் சீனியரின் மணிக்கணக்கு வரக்கூடாது. மூன்றாவது, வாய்தா. எதிர்த்தரப்பு வாய்தா கேட்டதா, நம் ஆள் வராததால் வாய்தா ஆனதா என்பதை உள்ளபடி சொல்கிறாரா? "கோர்ட் டைம் இல்லை சார்" என்பது பாதி நாள் உண்மை. மீதிப் பாதி நாள் அவர் வேறு ஹாலில் இருந்திருப்பார்.

இதெல்லாம் எந்த முத்திரையிலும் தெரியாது.

இந்தியாவில் இந்தப் பட்டியல்களுக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இங்கே வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது. வக்கீல் தொழிலுக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36. நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது, சுற்றறிக்கை கூடாது, தரகர் வைக்கக்கூடாது, கேஸ் சம்பந்தமாகப் பத்திரிகையில் படம் வரவைக்கக்கூடாது. பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும். அந்தப் பலகையில் இன்ன வகை வழக்கில் நிபுணர் என்று போடக்கூடாது, பார் கவுன்சில் உறுப்பினராக இருந்தேன் என்று போடக்கூடாது, முன்னாள் நீதிபதி என்றும் போடக்கூடாது. 2008இல் கொஞ்சம் தளர்த்தி, இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு விவரம், படிப்பு, எந்தப் பிரிவில் பணி என்ற அளவுக்கு மட்டும் அனுமதித்தார்கள். வக்கீல் நிறுவனத்தின் தளத்தைத் திறந்ததும், "நானாகத்தான் இங்கே வந்தேன், யாரும் என்னை அழைக்கவில்லை" என்ற பொருளில் ஒரு பெட்டி வந்து நம்மை ஒப்புக்கொள்ளச் சொல்கிறதே, அதன் கதை இதுதான். துணிக்கடையில் இப்படி ஒரு உறுதிமொழி வாங்கினால் எப்படி இருக்கும்?

ஆக, 'நான் நல்ல வக்கீல்' என்று நான் சொல்லக்கூடாது. லண்டனில் இருப்பவர் சொன்னால்? அதை நான் பகிர்ந்துகொண்டால்? கேட்டால், "தகவல்தானே சார்" என்பார்கள். வாசல் பலகையில் ஆர்பிட்ரேஷன் நிபுணர் என்று எழுத முடியாதவர், லிங்க்ட்இனில் ஆர்பிட்ரேஷன் பேண்ட் 1 என்று போடுகிறார். அமெரிக்காவில் 1977இலேயே, பேட்ஸ் வழக்கில், வக்கீல் விளம்பரம் பேச்சுச் சுதந்திரத்தின் கீழ் வரும் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரிசோனாவில் இரண்டு இளம் வக்கீல்கள் விவாகரத்துக்கு இவ்வளவு, பெயர் மாற்ற இவ்வளவு என்று பத்திரிகையில் விலைப்பட்டியல் கொடுத்ததில் வந்த வழக்கு அது. அங்கே முத்திரை என்பது பல விளம்பரங்களில் ஒன்று. இங்கே கதவு மூடியிருப்பதால், சன்னல் வழியாக வரும் ஒரே வெளிச்சம் மாதிரி எல்லாரும் அதன் மேல் விழுகிறார்கள்.

நம் ஹைகோர்ட் 2024 ஜூலையில் இதைப் பற்றிக் கடுமையாகவே சொன்னது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு. இணையத்தில் வக்கீல்களை 'சர்வீஸ்' போலப் பட்டியலிட்டு, நட்சத்திரம் கொடுத்து, விலை போட்டு விற்கும் தளங்களுக்கு எதிரான வழக்கு. வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல, வக்கீல்களுக்கு ரேங்க் கொடுப்பதும் வாடிக்கையாளர் மதிப்பெண் போடுவதும் தொழிலின் மாண்பையே குறைக்கிறது என்றார்கள். அப்படி விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கப் பார் கவுன்சிலுக்கு உத்தரவும் போட்டார்கள். வழக்கு என்னவோ அந்தத் தளங்களைப் பற்றியது. ஆனால் ரேங்க் பற்றிய அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பெரிய ஆபீஸ்களின் நீல முத்திரைதான். ஒரு தளத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கும் சின்ன வக்கீல் தப்பு என்றால், பேண்ட் ஒன் வாங்கும் பெரிய வக்கீல் மட்டும் எப்படிச் சரி? இதற்கு இதுவரை யாரும் எனக்குத் திருப்தியான பதில் சொன்னதில்லை.

தீர்ப்பின் உணர்வோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. உயிரும் சொத்தும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் "இன்றே அழையுங்கள், 50% தள்ளுபடி" என்று வந்தால் பயமாகத்தான் இருக்கும். மீதிப் பாதி இடிக்கிறது. செங்கல்பட்டிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ ஒரு நிலத் தகராறோடு முதல்முறை கோர்ட்டுக்கு வரும் ஆளுக்கு, யார் நல்ல வக்கீல் என்று தெரிந்துகொள்ள என்ன வழி வைத்திருக்கிறோம்? தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும். தெரிந்தவர் இல்லையென்றால் கோர்ட் வாசலில், "என்ன கேஸ் அண்ணே?" என்று தோளில் கை போடும் ஆள்தான். விதி 36 அந்தத் தரகரையும்தான் தடை செய்திருக்கிறது. அவர் விதிப் புத்தகம் படிக்கிறவர் இல்லை.

காசுக்கு விருது தரும் கூட்டம் வேறு இருக்கிறது. அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். "வாழ்த்துகள்! தென்னிந்தியாவின் இந்த ஆண்டின் சிறந்த நிறுவனமாக நீங்கள் தேர்வு" என்று மெயில் வரும். யார் தேர்ந்தெடுத்தார்கள், எதை வைத்து என்று இருக்காது. கண்ணாடிக் கோப்பை இவ்வளவு, பத்திரிகையில் ஒரு பக்கம் இவ்வளவு, ஓட்டலில் விழா மேஜை இவ்வளவு என்று மட்டும் தெளிவாக இருக்கும். என் நண்பர் ஒருவருக்கு, அவர் வாழ்நாளில் தொட்டே பார்க்காத கப்பல் சட்டத்தில் சிறந்தவர் என்று வந்தது. அவர் கோப்பை வாங்கவில்லை. ஆனால் அந்த மெயிலை அவருடைய அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார், அந்த அம்மா இரண்டு தெருவுக்குச் சொல்லிவிட்டார்.

இப்போது சக வக்கீல்கள் கதைக்கு வருவோம். நம் நாட்டில் இதற்குச் சட்டமே ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது. 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 16, 'மூத்த வழக்கறிஞர்' அந்தஸ்து. உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ கொடுப்பது. கவுன் வேறு மாதிரி இருக்கும், அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் என்னவென்றால், அந்த அந்தஸ்து வந்த பிறகு அவர் வக்காலத்து போட முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாகக் கேஸ் வாங்க முடியாது. இன்னொரு வக்கீல்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதாவது அவருக்குச் சக வக்கீலே கட்சிக்காரர். அந்த வட்டாரத்தில் மதிப்பு போனால் பிழைப்பே போச்சு. எந்தப் பட்டியலும் தர முடியாத சோதனை இது, ஒவ்வொரு நாளும் நடக்கும் சோதனை.

ஆனால் அந்த அந்தஸ்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் எப்போதும் முணுமுணுப்புதான். முன்பு நீதிபதிகள் கூடி முடிவெடுப்பார்கள், ரகசிய வாக்கெடுப்பும் உண்டு, யாருக்கு ஏன் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வெளியே தெரியாது. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் தொடுத்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் இதற்கு 100 மதிப்பெண் முறை கொண்டுவந்தது. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 20, வாதாடிய தீர்ப்புகள் போன்றவற்றுக்கு 40, எழுதிய கட்டுரை, புத்தகத்துக்கு 15, நேர்காணலுக்கு 25. முப்பது வருடம் கோர்ட்டில் நின்றவர் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போக வேண்டும். கட்டுரைக்கு மதிப்பெண் என்றதும் திடீரென்று எல்லாரும் எழுத்தாளர் ஆனார்கள் என்று வராண்டாவில் சிரிப்பார்கள். 2023இல் கட்டுரைக்கான மதிப்பெண்ணை ஐந்தாகக் குறைத்து, தீர்ப்புகளுக்கு 50 ஆக்கினார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே இந்த மதிப்பெண் முறையை மொத்தமாகக் கைவிட்டுவிட்டது. முடிவு மறுபடியும் நீதிபதிகள் எல்லாரும் சேர்ந்த அமர்விடம்.

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அனுபவத்தை எண்ணலாம், தீர்ப்புகளை எண்ணலாம். நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும் தனக்கு எதிரான தீர்ப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தானே எடுத்துக் கொடுக்கும் வக்கீலை எந்தக் கட்டத்தில் போட்டு எண்ணுவது? அதே சமயம், எண்ணாமல் விட்டால் 'நம்ம ஆள்' என்ற கணக்குதான் ஓடும் என்று ஜெய்சிங் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனிக்கும் ஒரு காண்ட்ராக்டருக்கும் ஆர்பிட்ரேஷன் நடந்தது. எங்களுக்கு, பட்டியலில் நல்ல இடத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆபீஸ். எதிர்த்தரப்புக்கு, ஹைகோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடியில், அப்பாவும் மகளும் இரண்டு ஜூனியர்களும் ஒரு குமாஸ்தாவும் உள்ள ஆபீஸ். படிக்கட்டில் எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். எங்கள் சாட்சிக்கு உடம்பு முடியாமல் போனபோது தேதி மாற்றக் கேட்டோம், ஒரு வார்த்தை எதிர்ப்புச் சொல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சாட்சி வந்ததும் அந்தப் பெண் குறுக்கு விசாரணை செய்தார் பாருங்கள், குரல் உயரவே இல்லை, எங்கள் சொந்த சைட் ரெஜிஸ்டரை வைத்தே எங்கள் கதையை அவிழ்த்துவிட்டார். இன்னொரு நாள் அவர்கள் கட்சிக்காரருக்கே பாதகமான ஒரு கடிதம் வந்தது. அதன் நகல் எங்களிடம் சரியாகக்கூட இல்லை, மறுத்திருக்கலாம். பெரியவர் எழுந்து, "அது எங்கள் கடிதம்தான், நான் அதை மறுக்கவில்லை, அதற்கு என் பதில் வேறு" என்றார். நடுவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குப் பிறகு அவர் சொன்ன எந்தத் தேதியையும் சரிபார்க்கவே இல்லை. கணிசமான தொகைக்கு நாங்கள் தோற்றோம்.

எங்கள் வக்கீல், அந்த முத்திரைக்காரர், அன்று காரில் வரும்போது சொன்னார். "என் தம்பிக்கு ஒரு பிரச்சினை வந்தா நான் இவர்கிட்டதான் அனுப்புவேன்." அவர் அதை ரசித்துச் சொல்லவில்லை, கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னார்.

அந்த ஆபீஸ் எந்தப் பட்டியலிலும் இல்லை. சப்மிஷன் அனுப்பினால்தானே இருக்கும்? அனுப்ப ஆள் இல்லை, நேரம் இல்லை, அப்படி ஒன்று இருப்பதே பெரியவருக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம். பட்டியல்களின் பெரிய ஓட்டை இதுதான். விண்ணப்பம் எழுத வசதி இருப்பவர்களைத்தான் அவை முதலில் பார்க்கின்றன. போட்டி வக்கீல்களைக் கேட்டுப் புதுப் பெயர்களும் வரலாம் என்பார்கள், வருகிறதும் உண்டு, ஆனால் ரெஃபரி பட்டியலோடு வருகிறவரும் வராதவரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

அதற்காகப் பட்டியலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. மார்ட்டின்டேலின் துணி வியாபாரி இன்றும் இருக்கிறார். இன்று அவர் வேறு நாட்டில் ஒரு கம்பெனியின் சட்டத் தலைவர். ஸ்ரீபெரும்புதூரில் அவர்களுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது, நாளைக்கே தொழிலாளர் வழக்கில் ஸ்டே வாங்க வேண்டும், சென்னையில் ஒரு வக்கீலையும் தெரியாது. வராண்டாவில் விசாரிக்க அவரால் முடியாது. அவருக்கு அந்தப் பட்டியல் உதவும், படுமோசமான தேர்விலிருந்தாவது காப்பாற்றும். நிறுவனத்தின் பெயரைவிட ஆளின் பெயரைப் பார்க்க வேண்டும் என்றும் அவருக்கு நான் சொல்வேன். 1917இல் தொடங்கிய அமர்சந்த் மங்கள்தாஸ் 2015இல் அண்ணன் தம்பிக்குள் இரண்டாகப் பிரிந்தபோது, கட்சிக்காரர்கள் தங்கள் கேஸைப் பார்த்த வக்கீல் எந்தப் பக்கம் போனார் என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

போன வருடம் எங்களுக்கு ஒரு புது ஆர்பிட்ரேஷன் வந்தது. வெளிநாட்டுத் தலைமையகம் இரண்டு ஆபீஸ் பெயர் கேட்டது. ஒன்று எங்கள் பழைய ஆபீஸ். இன்னொன்றாகத் தம்புச் செட்டித் தெருவைக் கொடுத்தேன். அந்தக் காண்ட்ராக்டருக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்தப் பெண் தன் டைரியையெல்லாம் பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் பெயரையே கொடுக்கச் சம்மதித்தார். தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. "இரண்டாவது நிறுவனம் நாங்கள் பார்க்கும் எந்தத் தரவரிசையிலும் இல்லையே, பரிந்துரைக்கு ஆதாரம் உண்டா?"

நாங்கள் தோற்ற தீர்ப்பை இணைத்து அனுப்பினேன். குறுக்கு விசாரணை வரும் பக்கங்களுக்கு மட்டும் மஞ்சள் கோடு போட்டேன். ஒப்புதல் அதே வாரம் வந்துவிட்டது, ஃபீஸ் மட்டும் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.